பில் ரோலும் எலிக்குட்டியும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கை காய்வதற்குள் தங்கை போன் செய்தாள். தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் கவுன்டரில் இருக்கிறாள். மசக்கை கொஞ்சம் அடங்கி, மூன்றாம் மாதம் முடியப்போகிற நேரம்.

“அக்கா, இந்த பில் ரோலைத் தொட்டா புள்ளைக்கு ஏதும் ஆகுமா?”

கூட வேலை பார்க்கிற பெண் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பியிருக்கிறாள். சிவப்பு எழுத்து, நாலு ஆச்சரியக்குறி. பிளாஸ்டிக்கிலும் பில் தாளிலும் இருக்கும் மருந்து, வயிற்றில் வளரும் ஆண் குழந்தையைப் பெண் குழந்தையாக்கிவிடும் என்று. தங்கையின் மாமியாரும் அதைப் படித்துவிட்டார். அன்று சாயங்காலமே வீட்டிலிருந்த பிளாஸ்டிக் டப்பா அத்தனையும் பரணுக்குப் போய்விட்டதாம். பெண் குழந்தை ஆண் குழந்தையாகிவிடும் என்று எழுதியிருந்தால் அந்த டப்பாக்கள் அடுக்களையிலேயே இருந்திருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அதை அவளிடம் சொல்லவில்லை.

“அப்படியெல்லாம் ஆகாது. ஆணா பெண்ணாங்கறது கரு உண்டாகும்போதே குரோமோசோம்ல முடிஞ்ச விஷயம். நீ தூங்கு” என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனது கேட்கவில்லை. அந்தச் செய்தி தப்புதான். ஆனால் அது எதைத் தப்பாகச் சொல்கிறதோ அது உண்மையான ஒரு விஷயம்: இந்த மாதிரிப் பொருள்கள் வயிற்றில் வளரும் மூளையைத் தொட்டால், ஆணுக்கு ஒரு மாதிரியும் பெண்ணுக்கு ஒரு மாதிரியும் தொடலாம். அதோடு நான் இரண்டு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், எலிகளோடு.

கல்லூரியில் பாடம் எடுக்க வருவதற்கு முன்னால், 2008 முதல் 2010 வரை, சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ப்ராஜெக்ட் உதவியாளராக இருந்தேன். பெண் ஹார்மோன் என்று சொல்கிற ஈஸ்ட்ரோஜன் மாதிரி நடிக்கிற ஒரு பொருளைச் சினை எலிக்குக் கொடுத்து, குட்டியின் மூளையில் என்ன நடக்கிறது என்று பார்க்கிற வேலை. வேலை என்றால் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. உமி மாற்றுவது, தண்ணீர்ப் புட்டி கழுவுவது, எடை போடுவது, நோட்டில் எழுதுவது. அனிமல் ஹவுஸ் நெடி, துவைத்த சுடிதாரிலும் போகாது. பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகவே வரும்.

குட்டி போட்ட அன்றைக்குக் காலையில் செய்யவேண்டிய முதல் வேலை, ஆண் எத்தனை பெண் எத்தனை என்று பிரிப்பது. கையுறையை முதலில் அந்தக் கூண்டின் உமியிலேயே நன்றாகத் தேய்த்துக்கொள்ள வேண்டும். வேறு வாசனை பட்டால் தாய் குட்டியை ஒதுக்கிவிடும், சில நேரம் கடித்தும் விடும். குட்டி ஆறு கிராம்தான் இருக்கும். ரோஜா நிறம், கண் மூடி, தோல் அவ்வளவு மெல்லிசு. பால் குடித்திருந்தால் வயிற்றில் வெள்ளையாக ஒரு பட்டை வெளியே தெரியும். அந்தப் பட்டை தெரிந்தால் குட்டி பிழைத்துக்கொள்ளும் என்று அர்த்தம். வாலை இலேசாகத் தூக்கி, ஆசனவாய்க்கும் சிறுநீர் முனைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்ப்போம். ஆண் குட்டிக்கு அது பெண் குட்டியைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பளிச்சென்று தெரியும். ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், முதல் ஆறு மாதம் எனக்குத் தெரியவே இல்லை.

அந்த ஆறு மாதத்துக்குள்தான் அந்தக் கூத்து நடந்தது. பதினொரு குட்டி போட்ட ஒரு தாயிடம், நாலு ஆண், நாலு பெண் என்று எட்டை வைத்துக்கொண்டோம். எல்லாத் தாய்க்கும் ஒரே எண்ணிக்கை இருந்தால்தான் பால் சமமாகக் கிடைக்கும். மார்க்கர் பேனாவால் ஆண் குட்டிகளின் முதுகில் புள்ளி வைத்தேன். இரண்டு நாளில் தாய் நக்கி நக்கிப் புள்ளி போய்விட்டது. மறுபடியும் பார்த்து வைத்தேன். மறுபடியும் போனது. இப்படியே போய், பதின்மூன்றாம் நாள் எடை போடுவதற்காக ஒன்றைத் திருப்பிப் பிடித்தால், ‘ஆண்’ என்று நோட்டில் இருக்கிற குட்டியின் வயிற்றில் வரிசையாக முலைக்காம்பு. பெண் குட்டிக்குத்தான் அந்த வயதில் அது தெரியும். இன்னொன்றைத் திருப்பினேன். அதற்கும் இருந்தது.

பதின்மூன்று நாள் கணக்கும் குப்பைக்குப் போனது. வழிகாட்டி திட்டவில்லை, சொன்னதுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. “இதுக்குத்தான் ஆம்பளைக் குட்டி மட்டும் போதும்னு சொன்னேன். பொம்பளை எலிக்கு நாலு நாளைக்கு ஒரு சுழற்சி வரும், டேட்டா எல்லாம் ஆடும்.” அடுத்த தொகுதியிலிருந்து பெண் குட்டிகளை எடுத்துவிட்டோம். சோதிப்பது ஈஸ்ட்ரோஜன் வேஷம் போடுகிற பொருளை. விட்டுவிடுவது பெண் குட்டிகளை. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது, சம்பளம் மாதாமாதம் வருவதே பெரிது, வாயைத் திறக்கவில்லை.

இது அந்த ஒருவரின் பழக்கம் மட்டும் இல்லை. 2011இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள் விலங்குச் சோதனைக் கட்டுரைகளை எல்லாம் எண்ணிப் பார்த்தார்கள். நரம்பியலில், ஒரே பாலை மட்டும் வைத்துச் செய்த ஆய்வுகளில் பெண் விலங்குக்கு ஒன்று என்றால் ஆணுக்கு ஐந்தரை. அமெரிக்க அரசின் சுகாதார நிதி நிறுவனமே, ‘இரண்டு பாலையும் கணக்கில் எடு, இல்லாவிட்டால் காரணம் சொல்’ என்று கேட்க ஆரம்பித்தது 2016இல்தான்.

சரி, மூளைக்கு வருவோம்.

1959இல் அமெரிக்காவின் கான்சாஸில் பீனிக்ஸ், கோய், ஜெரால், யங் என்ற நாலு பேர், சினையாக இருந்த சீமைப்பன்றிகளுக்கு (கினி பிக், எலி வகைப் பிராணி) டெஸ்டோஸ்டீரோன் என்ற ஆண் ஹார்மோனை ஊசியில் போட்டார்கள். பிறந்த பெண் குட்டிகள் வளர்ந்த பிறகு, பெண் ஹார்மோன் கொடுத்தாலும் பெண்ணாக நடந்துகொள்ளவில்லை. ஆண் மாதிரி மற்றவற்றின் மேல் ஏறின. வளர்ந்துவிட்ட விலங்குக்கு அதே ஊசியைப் போட்டால் மருந்து தீர்ந்ததும் விளைவும் தீர்ந்துவிடும். கருவில் பட்டால் தீரவே தீராது. சுவர் எழுப்பும்போது ஜன்னலுக்கு விடுகிற இடமும், கட்டி முடித்த வீட்டுக்கு மாட்டுகிற திரைச்சீலையும் ஒன்றா? ஹார்மோன் கருவில் செய்வது முதல் வேலை. இன்றைக்கு இந்தத் துறையில் பேசுகிற எல்லாமே அந்தக் கட்டுரையிலிருந்து கிளம்பியதுதான்.

1978இல் கலிஃபோர்னியாவில் ரோஜர் கோர்ஸ்கியின் குழு, எலி மூளையின் அடியில் ஒரு சின்ன நரம்புத் திட்டு ஆணுக்குப் பெண்ணைவிடச் சில மடங்கு பெரிதாக இருப்பதைக் கண்டுபிடித்தது. சாயம் ஏற்றிய கண்ணாடித் துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலே தெரியும். நானும் பார்த்திருக்கிறேன்: நாவல்பழச் சாறு பட்ட மாதிரி ஊதா நிறத்தில், நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பொட்டு. ஆண் மூளையில் அழுத்தமாக, பெண் மூளையில் தேடிப் பார்க்கிற அளவுக்கு.

இதில் எனக்கு முதன்முதலில் தலை சுற்றிய இடம் ஒன்று உண்டு. ஆண் எலியின் விதையிலிருந்து கிளம்பும் டெஸ்டோஸ்டீரோன் மூளைக்குள் போனதும் அங்கே ஒரு நொதி அதை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுகிறது. எலியின் மூளையை ஆண் மூளையாக்குவது அந்த ஈஸ்ட்ரோஜன்தான், பெண் ஹார்மோன் என்று நாம் பெயர் வைத்திருக்கிற அதே பொருள். அப்படியானால் தாயின் ரத்தத்தில் ஓடுகிற ஈஸ்ட்ரோஜன் எல்லாப் பெண் குட்டிகளையும் ஆணாக்கிவிட வேண்டுமே? ஆக்காது. குட்டியின் கல்லீரல் ஒரு புரதத்தைச் சுரக்கிறது, ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் என்று பெயர். அது தாயின் ஈஸ்ட்ரோஜனைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, மூளைக்குள் விடுவதில்லை. டெஸ்டோஸ்டீரோனை அது பிடிக்காது, விட்டுவிடும்.

ஆய்வுக்கூடத்தில் செய்த ஈஸ்ட்ரோஜன்கள் இந்தப் புரதத்திடம் சிக்குவதில்லை. அதற்கு அவற்றின் முகம் தெரியாது. டிஇஎஸ் என்ற மாத்திரை அப்படி. லண்டனில் சார்லஸ் டாட்ஸ் 1938இல் செய்தது. கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி 1940களிலிருந்து அமெரிக்காவில் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். 1971இல்தான், அதைச் சாப்பிட்ட தாய்மாரின் மகள்களுக்குப் பதின்பருவத்திலேயே அபூர்வமான ஒரு பிறப்புறுப்புப் புற்றுநோய் வருகிறது என்று தெரிந்தது. அதே டாட்ஸ் 1930களில் ஈஸ்ட்ரோஜன் குணம் உண்டா என்று சோதித்துப் பார்த்த இன்னொரு பொருள் பிஸ்பினால் ஏ, சுருக்கமாகப் பிபிஏ. மருந்தாக அது தேறவில்லை. பிறகு பாலிகார்பனேட் பிளாஸ்டிக்காகவும், தகர டப்பாவின் உள்பூச்சாகவும், பில் தாளாகவும் உலகமெல்லாம் போய்ச் சேர்ந்தது. அதுவும் அந்தப் புரதத்திடம் சரியாகச் சிக்காத ஆள்தான்.

ஆக, ஒரே பொருள் ஒரு கூண்டில் உள்ள ஆண் குட்டிக்கும் பெண் குட்டிக்கும் ஒரே மாதிரி வேலை செய்ய வழியே இல்லை. ஆண் மூளைக்கு வரவேண்டிய ஒரு செய்தி இடையில் கலைகிறது. பெண் மூளைக்கு வரவே கூடாத செய்தி வந்து சேர்கிறது.

மனிதருக்கு இதை அப்படியே எடுத்து ஒட்டக்கூடாது. நம் கருவில் அந்தப் புரதம் ஈஸ்ட்ரோஜனை அவ்வளவாகப் பிடிப்பதில்லை. நமக்கு டெஸ்டோஸ்டீரோன் நேராகவே வேலை பார்க்கிறது என்றுதான் தெரிகிறது. ஆணுக்குரிய எக்ஸ்-ஒய் குரோமோசோமோடு பிறந்து, டெஸ்டோஸ்டீரோன் இருந்தும் உடம்பு அதைக் கேட்காமலே போகிறவர்கள் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் பெண்ணாகவே வளர்ந்து பெண்ணாகவே தம்மை உணர்கிறார்கள். எலிக் கணக்குப்படி பார்த்தால் அது நடக்கக்கூடாது. நாளேட்டுச் செய்தியில் ‘எலிகளில்’ என்ற சொல்லை மூன்றாவது பத்தியில் ஒளித்து வைக்கிறபோது எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

மனிதக் கருவில் ஆண் குழந்தைக்கு டெஸ்டோஸ்டீரோன் சுரக்க ஆரம்பிப்பது எட்டாவது வார வாக்கில். பன்னிரண்டு முதல் பதினாறு வாரம்வரை உச்சம். பிறந்த பிறகு முதல் சில மாதங்களில் இன்னொரு சின்ன அலை. கர்ப்பத்தைப் பதிவு செய்து கொடுக்கிற பிக்மி நம்பரைத் தங்கை வாங்கியதே பத்தாவது வாரத்தில். ஸ்கேன் சென்டரில் ‘ஆணா பெண்ணா என்று சொல்லப்படமாட்டாது’ என்று போர்டு மாட்டியிருக்கும் சுவருக்குக் கீழே அவள் உட்கார்ந்திருந்தபோது, உள்ளே அந்தக் கட்டுமானம் பாதி நடந்துகொண்டிருந்தது. ஆகவே யாருக்கு எந்த அறிவுரை என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. எங்கள் எலி மாதிரி வாலைத் தூக்கிப் பார்க்கிற வசதி இல்லை. இருக்கவும் வேண்டாம்.

மனிதரிடம் நான் நம்புகிற ஆய்வுகளில் ஒன்று ராட்டர்டாமில் நடந்தது. 2002இல் வெளிவந்தது. கர்ப்பத்தில் தாயின் உடம்பில் பிசிபி எவ்வளவு இருந்தது என்று முன்பே அளந்து வைத்திருந்தார்கள். (பிசிபி என்பது டிரான்ஸ்பார்மர் எண்ணெய் போன்றவற்றில் ஊற்றிய பழைய ரசாயனம். உடம்புக் கொழுப்பில் வந்து உட்கார்ந்தால் லேசில் எழுந்து போகாது.) பிள்ளைகள் பள்ளிக்கூட வயதுக்கு வந்ததும், என்ன விளையாடுகிறார்கள் என்று பெற்றோரிடம் ஒரு படிவத்தில் கேட்டார்கள். பிசிபி கூடக் கூட, பையன்களின் விளையாட்டில் ‘பையன் விளையாட்டு’ குறைந்தது. பெண்களிடம் அது கூடியது.

இரண்டையும் கலந்து சராசரி எடுத்துப் பாருங்கள். இது ஏறுகிறது, அது இறங்குகிறது, விடை பூச்சியத்துக்குக் கிட்டே வரும். ‘பாதிப்பு இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம். என் பதின்மூன்று நாள் நோட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நான் புள்ளி அழிந்து கலந்துவிட்டேன். அப்படிச் சராசரி எடுக்கிறவர்கள் வேண்டுமென்றே கலப்பார்கள், அவ்வளவுதான்.

ஷானா ஸ்வான் என்பவரின் குழு அமெரிக்காவில் தாலேட்டை வைத்து 2010இல் இதே மாதிரி ஒன்று செய்தது. தாலேட் என்பது பிவிசி பிளாஸ்டிக்கை வளைய வைக்கிற பொருள். எலிக் கருவில் டெஸ்டோஸ்டீரோன் சுரப்பையே குறைக்கும். கர்ப்பத்தில் தாயின் சிறுநீரில் சில தாலேட்கள் கூடுதலாக இருந்த பையன்களுக்கு, வண்டி, சண்டை வகை விளையாட்டின் மதிப்பெண் குறைந்திருந்தது. பெண்களிடம் அப்படி ஒன்றும் தெரியவில்லை. பையன் பொம்மையோடு விளையாடினால் வீட்டில் என்ன சொல்வீர்கள் என்றும் பெற்றோரைக் கேட்டு, அதையும் கணக்கில் சேர்த்திருந்தார்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பையன் சொப்பு வைத்துச் சோறு பொங்கி விளையாடுவது நோய் இல்லை. என் மகன் ஐந்து வயதுவரை அதைத்தான் செய்தான், இன்றைக்கு எனக்கு ரசம் வைத்துத் தருகிறான். விளையாட்டை அவர்கள் அளப்பது, வெப்பமானியைப் பார்ப்பது மாதிரி. மூளை கட்டப்பட்ட நேரத்தில் ஹார்மோன் கணக்கு அசைந்ததா என்பதற்கு வெளியே தெரிகிற ஓர் அடையாளம் அது. அந்த வாட்ஸ்அப் எழுதியவர் அடையாளத்தையே ஆபத்தாக்கிவிட்டார்.

அதோடு எல்லாவற்றையும் ஹார்மோன் தலையிலேயே கட்டவும் முடியாது. என் மார்க்கர் புள்ளியை நக்கி அழித்தாளே அந்தத் தாய், அவளும் இதில் ஒரு ஆள். தாய் எலிகள் ஆண் குட்டிகளைப் பெண் குட்டிகளைவிட அதிகம் நக்குகின்றன. குட்டியின் சிறுநீரில் உள்ள வாசனை அவற்றை இழுக்கிறது என்று சீலியா மூர் என்ற ஆய்வாளர் 1980களில் காட்டினார். அப்படி நக்குவதும் குட்டியின் நரம்பு வளர்ச்சியை மாற்றுகிறது. ரசாயனம் குட்டியை மட்டும் தொடவில்லை, தாய் குட்டியிடம் நடந்துகொள்ளும் விதத்தையும் தொடலாம். அதைக் கேட்ட பிறகு, ‘ஹார்மோனா, வளர்ப்பா’ என்று யாராவது பட்டிமன்றம் போட்டால் நான் எழுந்து காப்பி குடிக்கப் போய்விடுவேன்.

விளையாட்டைவிட எனக்குப் பயமாக இருப்பது தைவான். 1979இல் அங்கே மத்தியப் பகுதியில் தவிட்டெண்ணெயில் பிசிபி கலந்துவிட்டது. எண்ணெயின் வாடையை நீக்க, சூடான குழாய்களைச் சுற்றி எண்ணெயை ஓடவிடுவார்கள். குழாய்க்குள் சூட்டைக் கடத்துவது பிசிபி திரவம். குழாய் கசிந்தது. 1968இல் ஜப்பானில் அப்படியே நடந்த விபத்து, பதினொரு வருடம் கழித்து மறுபடியும். இரண்டாயிரம் பேர்வரை பாதிக்கப்பட்டார்கள். அதில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான ஒரு விடுதிப் பள்ளியும் இருந்தது. தினமும் ஒரே எண்ணெயில் சமைத்துப் போட்டிருக்கிறார்கள்.

அந்த எண்ணெயைச் சாப்பிட்ட பெண்களுக்குப் பிறகு பிறந்த குழந்தைகளில் பலர் தோல் கறுத்து, நகம் உருக்குலைந்து பிறந்தார்கள். வளர வளர, அறிவுத்திறன் சோதனைகளில் மற்றப் பிள்ளைகளைவிடச் சுமார் 5 மதிப்பெண் பின்தங்கினார்கள். எண்ணெயை நிறுத்தி ஆறு வருடம் கழித்துப் பிறந்தவர்களும்கூட. தாயின் கொழுப்பில் அது அப்படியே இருந்தது. பிறகு ரேவன் என்ற சோதனை கொடுத்தார்கள்: கட்டம் கட்டமாக ஒரு கோலம், அதில் ஒரு துண்டு இல்லை, எது பொருந்தும் என்று சொல்ல வேண்டும். நம் ஊரில் ஆயிரம் பேருக்குக் கோலத்தின் விட்டுப்போன புள்ளி கண்ணில் படுமே, அந்த மாதிரித் திறமை. அதில் பையன்கள் பின்தங்கினார்கள், பெண்கள் பின்தங்கவில்லை. 1995இல் வெளிவந்த கட்டுரை. ஒரே எண்ணெய், ஒரே ஊர்.

இதையெல்லாம் தங்கைக்கு அன்றைக்கு இராத்திரி ஒன்றரை மணி நேரம் சொன்னேன். பாதியில் அவள் கொட்டாவி விட்டது கேட்டது. ஆனால் ஒரு இடத்தில் நிமிர்ந்துவிட்டாள்.

போன ஆண்டு அவர்கள் கட்டிய வீட்டுக்கு அஸ்திவாரத்தில் கறையான் மருந்து அடித்தார்கள். வாசக்காலிலும் அடித்தார்கள். அந்த வெள்ளைக் கேனில் இருந்தது குளோர்பைரிபாஸ். நெல்லுக்கும் அடிக்கிற மருந்துதான். அது முக்கியமாகத் தாக்குவது நரம்பில் இருக்கும் ஒரு நொதியை. ஹார்மோன் வேஷம் அதன் முதல் தொழில் இல்லை. ஆனாலும் ஆண்-பெண் வித்தியாசம் அதிலும் வருகிறது. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வர்ஜீனியா ராவ், கரப்பான்பூச்சிக்கு வீட்டுக்குள் இதை அடித்த காலத்தில் கர்ப்பமாக இருந்த பெண்களின் பிள்ளைகளை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தார். ஏழு வயதில் நினைவாற்றல் மதிப்பெண் குறைந்திருந்தது. பையன்களுக்குக் கூடுதலாகக் குறைந்திருந்தது. 2012இல் நாற்பது பிள்ளைகளுக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள். பிறக்கும்போது மருந்து அதிகம் பட்டிருந்த பிள்ளைகளிடம், மூளையின் சில இடங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வழக்கமாக இருக்கிற வித்தியாசத்தைக் காணவில்லை. ஓரிடத்தில் தலைகீழாக இருந்தது. நாற்பது என்பது சின்ன எண்ணிக்கை, அதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு 2001இல் விற்பனையை நிறுத்தினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் மொத்தமாகவே நிறுத்தியது.

“அப்ப வாசக்காலை என்னக்கா செய்ய?”

அடித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, மேலே பெயின்ட் இருக்கிறது, அதைச் சுரண்டப் போனால்தான் தொந்தரவு. “இப்ப யாரும் மறுபடி அடிக்க வந்தா மட்டும் விடாதே” என்றேன். கொத்தனார் சொன்னால் மாமனார் கேட்பார், நான் சொன்னால் கேட்பாரா என்பது வேறு விஷயம்.

பிஸ்பினாலுக்கு வந்தால் என்னிடம் அவ்வளவு தெளிவான கதை இல்லை. சின்சினாட்டியில் ஜோ பிரான் குழு 2009இல் சொன்னது: கர்ப்பத்தில் தாயிடம் பிஸ்பினால் ஏ கூடுதலாக இருந்தால் இரண்டு வயதுப் பெண் குழந்தைகளிடம் முரட்டுத்தனம் கூடுகிறது. மூன்று வயதில் பதற்றமும் சேர்ந்தது, அதுவும் பெண்களிடம்தான். நியூயார்க் குழு 2012இல் சொன்னது: முரட்டுத்தனம் கூடுவது பையன்களிடம்; பெண்களிடம் பதற்றம் குறைந்தே இருக்கிறது. எதை எடுப்பது? எனக்குத் தோன்றுவது இது. பிஸ்பினால் சில மணி நேரத்தில் சிறுநீரோடு போய்விடும். ஒன்றிரண்டு முறை பிடித்த சிறுநீரை வைத்து ஒன்பது மாதத்தைக் கணிப்பது, ஒருநாள் சாப்பாட்டைப் பார்த்து வருடச் சமையலைச் சொல்வது மாதிரி. பிசிபி அப்படி இல்லை, ஒருமுறை அளந்தாலே போதும். அதனால் தைவான் விஷயத்தில் எனக்கு இருக்கிற உறுதி இங்கே இல்லை. ஆனால் இரண்டு ஊரிலும், பையனையும் பெண்ணையும் பிரித்துப் பார்த்த பிறகுதான் ஏதோ ஒன்று கண்ணில் பட்டது.

அளவு சின்னது என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது. 1998இல் கிளீவ்லாந்தில் பாட்ரீஷியா ஹன்ட்டின் ஆய்வுக்கூடத்தில், தற்காலிகமாக வந்த ஓர் ஆள் பாலிகார்பனேட் எலிக் கூண்டுகளைத் தரை துடைக்கிற சோப்பால் கழுவிவிட்டார். பிளாஸ்டிக் அரித்து பிஸ்பினால் கசிந்தது. சுண்டெலிகளின் கருமுட்டையில் குரோமோசோம் கோளாறு வழக்கமாக நூற்றுக்கு ஒன்றிரண்டு இருக்கும். அது நாற்பதுக்கு ஏறியது. மூளை இல்லை, கருமுட்டை. ஆனால் அந்தக் கட்டுரையைப் படித்தபோது நான் என்னத்தை நினைத்தேன் என்றால், எங்கள் கூண்டையும் புட்டியையும் நான் எந்த சோப்பில் கழுவினேன்? பக்கத்துப் பெட்டிக்கடையில் என்ன கிடைத்ததோ அதில்.

இனி பில் ரோல். சூட்டில் எழுத்து வருகிற அந்தத் தாளில் பிஸ்பினால் ஏ, அல்லது அதன் தம்பி பிஸ்பினால் எஸ், பிளாஸ்டிக்கில் போலப் பிணைந்து இல்லை. பவுடர் பூசிய மாதிரி மேலேயே இருக்கிறது. கையில் ஒட்டும். சானிடைசர் போட்ட ஈரக் கையால் பிடித்தால் தோலுக்குள் போவது இன்னும் கூடும், அதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். தங்கையின் கவுன்டரில் கொரோனா காலத்து சானிடைசர் புட்டி இன்னும் இருக்கிறது. இரண்டு பில்லுக்கு ஒருமுறை அமுக்குவாளாம், வாசனை பிடிக்குமாம்.

“அந்தப் புட்டியைத் தூக்கி அந்தப் பக்கம் வை. சாப்பிடப் போகும்போது சோப்புப் போட்டுக் கழுவு. பில்லை வாயில கவ்வாதே.”

“வாயில யாருக்கா கவ்வுவா?”

“நீ கவ்வுவ. துணி மடிக்கும்போது.”

சிரித்தாள். பரணுக்குப் போன டப்பாக்களைப் பற்றியும் கேட்டாள். மிளகாய் வற்றல், பருப்பு வைக்கிற டப்பாவை இறக்கிக்கொள்ளச் சொன்னேன். சூடாக எதையும் அதில் ஊற்றவேண்டாம். ‘பிபிஏ ஃப்ரீ’ என்று எழுதிய பாட்டிலுக்குக் கூடுதல் காசு கொடுக்கவும் வேண்டாம். வீட்டில் எவர்சில்வர் தூக்கு இருக்கிறது, அம்மா கொடுத்தது. ஹோட்டல் சாம்பார்ப் பையைப் பற்றியும் சொன்னேன்: அது பாலித்தீன், அதற்குத் தாலேட் தேவையில்லை. தாலேட் இருக்கிற இடம் ரெக்சின், மெத்தென்ற பொம்மை, வாசனைப் பொருள். அதற்காகக் கொதிக்கிற சாம்பாரைப் பையில் வாங்கு என்று சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு போட்டோ அனுப்பினாள். கவுன்டரில் கம்பியில் குத்தி வைத்த பழைய பில் கட்டு. கீழே இருக்கிற பில்களில் எழுத்தே இல்லை, வெறும் வெள்ளை.

“அக்கா, மூணு மாசத்துல எழுத்து மறைஞ்சிடுது. மருந்தும் போயிருக்கும்ல?”

மறைவது எழுத்து மட்டும்தான், மருந்து தாளிலேயே இருக்கும், அந்தக் கட்டை நீ எண்ணாதே என்று பதில் போட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து வந்தது: “அப்ப மாசக் கடைசியில கணக்கு யாருக்கா பாப்பா?”